புழு வூட்டில் கணக்குப் பாடம்

எங்க பக்கம் ஒரு பேச்சு உண்டு, வாத்தியார் புள்ள மக்குன்னு. அடுத்தவங்க புள்ளைய வச்சுச் சொல்லும்போது நானும் கூடச் சேந்து சிரிச்சவதான். நான் கணக்கு டீச்சர். கம்பைநல்லூர் பக்கத்துல ஒரு தனியார் பள்ளிக்கூடத்துல பெரிய வகுப்புகளுக்குக் கணக்கு எடுத்துக்கிட்டு இருந்தேன். என் பொண்ணு அதே பள்ளிக்கூடத்துல மூணாவது. அவளுக்கு நாப்பத்தொண்ணும் பதினாலும் ஒண்ணுதான். கூட்டல் குறி கொஞ்சம் சாஞ்சா பெருக்கல், பெருக்கல் நிமிந்தா கூட்டல், இதுல என்ன பெரிய வித்தியாசம்னு முழிச்சுக்கிட்டு நிப்பா. மூணாம் வாய்ப்பாட்டைச் சாயங்காலம் கடகடன்னு ஒப்பிப்பா. காலையில தலை பின்னி விட்டுக்கிட்டே கேட்டா ஒரு வரி இருக்காது. முதல்ல அதைச் சோம்பேறித்தனம்னு நெனச்சேன். அப்புறம் திமிருன்னு நெனச்சேன். கணக்கு டீச்சருக்கு அதுக்கு மேல நெனைக்கத் தெரியல.

ஒரு நாள் நான் ஒம்பதாம் வகுப்புல போர்டுல எழுதிக்கிட்டு இருக்கேன். சுவத்துக்கு அந்தப் பக்கம் அவ வகுப்பு. "ஆறு நாலு எவ்வளவு, சொல்லு"ன்னு டீச்சர் குரல் கேக்குது. பதில் இல்ல. "உங்கம்மாவைக் கூப்புட்டுக் கேக்கட்டுமா"ன்னு மறுபடியும் குரல். வகுப்பே சிரிக்குது. என் வகுப்புப் புள்ளைங்களுக்கும் அது கேட்டுச்சு. என் மூஞ்சியப் பாக்காம எல்லாரும் நோட்டுக்குள்ள குனிஞ்சுக்கிட்டாங்க. சாக்பீஸை வச்சுட்டு நேரா போயி அவ கையைப் புடிச்சு வெளிய கூட்டிட்டு வந்தேன். கவுன் நனைஞ்சிருந்துச்சு. அன்னையோட எங்க ரெண்டு பேருக்குமே பள்ளிக்கூடம் முடிஞ்சு போச்சு.

சேலத்துல ஒரு டாக்டரம்மா அவளை ஒக்கார வச்சுப் படம் காட்டி, கட்டை அடுக்கச் சொல்லி, கதை சொல்லச் சொல்லி, கடைசியில டிஸ்லெக்சியான்னாங்க. "அறிவுல ஒரு குறையும் இல்லைங்க. எழுத்தும் எண்ணும் அவளுக்கு வேற தினுசுல உள்ள போகுது, அவ்ளோதான். இன்னைக்கு வர்றது நாளைக்குப் போகும், மறுபடியும் வரும். அவசரப்படுத்தாதீங்க"ன்னாங்க. நான் தலைய ஆட்டிட்டு வந்தேன். பஸ்ஸு தொப்பூர் ஏத்தம் ஏறுது, அவ என் மடியில தூங்கறா. குறை இல்லைன்னதுல ஒரு நிம்மதி. இதை ஊர்ல யார்கிட்டச் சொல்லி யாருக்குப் புரிய வைக்கறதுன்னு ஒரு பயம். நிம்மதி மொரப்பூர் வர்றதுக்குள்ள தீந்துடுச்சு. பயம் மட்டும் வூடு வரைக்கும் கூடவே வந்துச்சு.

வூட்டுக்காரர் ஓசூர்ல ஒரு கம்பெனில ஃபிட்டர். ரெண்டு வாரத்துக்கு ஒரு ஞாயித்துக்கெழமைதான் வருவாரு. எங்களுது தோட்டத்து வூடு, ஊருக்குள்ள போகணும்னா வரப்புல நடந்து தார் ரோட்டுக்கு வரணும். கெணத்துத் தண்ணி பாயற அளவுக்குக் கொஞ்சம் நெலம், அதுல மல்பெரி. அதுவரைக்கும் வேற ஆளு பாத்துக்கிட்டு இருந்தாங்க. வேலைய விட்டதும் நானே பட்டுப்புழு வளக்க எறங்கினேன். புள்ளைய வூட்ல வச்சுப் பாடம் சொல்லணும், கையில ஒரு வேலையும் இருக்கணும், ரெண்டுக்கும் அதுதான் தோதா பட்டுச்சு.

முதல் வருஷம் அவரு ஒண்ணும் சொல்லல. ரெண்டாவது வருஷப் பொங்கலுக்கு வந்தப்ப, கரும்பை நறுக்கிக்கிட்டே சொன்னாரு. "இங்க பாரு, நான் உன்னைக் கொறை சொல்லல. ஆனா புள்ளைக்குப் பத்து வயசாகுது. வர்ற ஜூனுக்குள்ள ஒரு பெருக்கல் கணக்கைத் தானா போடட்டும். நானே ஒக்காந்து கேக்கறேன். போட்டா சரி. இல்லைன்னா கண்டிப்பான ஹாஸ்டல் ஸ்கூலா பாத்துச் சேத்துடலாம். எத்தன நாளைக்கு நீ இப்புடி முந்தானையில முடிஞ்சு வச்சுக்குவ?" அவங்க அக்கா பக்கத்துல இருந்துக்கிட்டு, "அடியாத மாடு படியாதுங்கறது சும்மாவா சொன்னாங்க"ன்னாங்க. நான் கரும்புச் சக்கையக் கூட்டி அள்ளிக்கிட்டு வெளிய போயிட்டேன். அங்க நின்னா நானே யாரையாச்சும் அடிச்சிருப்பேன்.

அன்னையில இருந்து எனக்கு ஒரே நெனப்பு. ஜூன். அதுக்குள்ள இவளுக்குக் கணக்கு வரணும். வரலைன்னா இவளைக் கொண்டுபோயி எவனோ ஒருத்தன் கையில குடுக்கணும். இவ மறுபடியும் ஒரு வகுப்புல எழுந்து நின்னு கவுனை நனைச்சுக்கணும்.

புழு வளக்கறவங்க வூட்டைப் பத்தி வெளியாளுங்களுக்கு ஒண்ணு தெரியாது. புழு வந்து எறங்கிட்டா அந்த வூட்டுக்கு யாரும் வரக் கூடாது. பவுடர் போட்டுக்கிட்டு வரக் கூடாது, செண்டு ஆகாது, மல்லிப்பூ ஆகாது, பீடி ஆகாது, கொசுவர்த்தி ஏத்தக் கூடாது. எந்தத் தோட்டத்துல மருந்தடிச்சுட்டு வந்த காலோ, எந்த வூட்டுப் புழுவோட நோயோ, ஒரு ஆளு உள்ள வந்தா புழு தட்டு தட்டா கருத்துச் செத்துப் போயிடும். நான் வாசல் கேட் பக்கத்துலயே சுண்ணாம்புத் தூள்ல ஒரு கோடு போட்டுருவேன். எங்க பக்கம் எல்லாருக்கும் அந்தக் கோடு தெரியும். பால்காரர் கூட கோட்டுக்கு அந்தப் பக்கமே சொம்பை வாங்கி ஊத்திட்டுப் போவாரு. ஒரு வளப்பு முடிஞ்சு பட்டுக்கூடு மார்க்கெட்டுக்குப் போயி, புழுக் கொட்டகைய மருந்து போட்டுக் கழுவி விட்டு, மூச்சு விடறதுக்குள்ள அடுத்த புழு வந்துரும். ஆக, வருஷத்துல பாதி நாளைக்கு மேல எங்க வூட்டுக்கு மனுசங்களே கெடையாது.

பழைய ஸ்டாஃப் ரூம் டீச்சருங்க முதல்ல போன் பண்ணாங்க. "பாப்பா எப்புடி இருக்கா, பாவம்"னு ஆரம்பிப்பாங்க. எனக்கு அந்தப் பாவம்ங்கற வார்த்தையக் கேட்டாலே நாக்குல நெருப்பு வரும். ரெண்டு தடவை வெடுக்குன்னு பேசிட்டேன். அப்புறம் போன் வரல. சென்னை, பெங்களூர்னு வூட்லயே புள்ளைங்களைப் படிக்க வைக்கற அம்மாங்க வாட்ஸ்அப் குரூப் ஒண்ணுல சேந்தேன். அவங்க கலர் கலரா மரக்கட்டை வாங்கிப் போட்டோ போடுவாங்க. புள்ளைய வாரத்துக்கு ரெண்டு தடவை யாரோ ஒரு மேடம்கிட்ட கூட்டிட்டுப் போவாங்க. நான் ஒரு நாள் கேட்டேன், "நேத்து வந்த கணக்கு இன்னைக்கு வரலைங்க, என்ன பண்றது"ன்னு. நாலு பேரு கட்டை விரலைத் தூக்கிக் காட்டுனாங்க. ஒருத்தங்க "உங்க ஏரியா ஸ்பெஷல் எஜுகேட்டரைக் கேளுங்க"ன்னாங்க. எங்க ஏரியால மல்பெரியும் தக்காளியும்தான் இருக்குதுன்னு அடிச்சு, அனுப்பாம அழிச்சுட்டேன்.

சரி, யாரும் வேணாம், நாமளே பாத்துக்கலாம்னு எறங்கினேன். புழு இலையத் தின்னது போக மிச்சம் வர்ற மல்பெரிக் குச்சி மலையாக் குமியும். அதுல கொஞ்சம் எடுத்துக் காய வச்சு, விரல் நீளத்துக்கு நறுக்கி, பத்துப் பத்தா ரப்பர் பேண்டு போட்டோம். கட்டு ஒரு பக்கம், உதிரி ஒரு பக்கம். நாப்பத்தொண்ணுன்னா நாலு கட்டும் ஒரு உதிரியும். பதினாலுன்னா ஒரு கட்டும் நாலு உதிரியும். கையில எடுத்துப் பாத்ததும், "ம்மா, இது ரெண்டும் வேற வேற"ன்னா. ஒம்பது வருஷமா யாரும் அவளுக்குச் சொல்லாத ரகசியம் மாதிரி சொன்னா. பேப்பர்ல எழுதினா திரும்பவும் கொழம்பும். அதனால கட்டுக்குச் சிவப்புப் பேனா, உதிரிக்கு ஊதாப் பேனா. கட்டம் போட்ட நோட்டுல ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு கணக்கு. ரெண்டு கணக்கைப் பக்கத்துல பக்கத்துல பாத்தா இதுல இருக்கற எண்ணு அதுல ஓடிப் போயிடும் அவளுக்கு.

வாய்ப்பாடுதான் என் கர்வத்தை ஒடச்சுது. எத்தன நூறு புள்ளைங்களை நிக்க வச்சு வாய்ப்பாடு சொல்ல வச்சவ நான். இவளுக்குத் தலைகீழா நின்னு தண்ணி குடிச்சாலும் அது தங்கல. கடைசியில விட்டுட்டேன். ரெண்டு, அஞ்சு, பத்து, இந்த மூணு மட்டும் போதும், மீதிய அதுல இருந்து கட்டிக்கலாம்னு முடிவு பண்ணேன். ஏழெட்டு தெரியாதா? அஞ்செட்டு நாப்பது தெரியும்ல. ரெண்டெட்டு பதினாறு தெரியும்ல. சேத்துக்கோ. விரலை மடக்கி எண்ணாதன்னு இத்தனை வருஷமா நான் வகுப்புல கத்தினதுக்கு, இங்க நானே "விரல வச்சுக்கோ கண்ணு, அதுக்குத்தான சாமி பத்து குடுத்துருக்கு"ன்னு கெஞ்சிக்கிட்டு இருந்தேன். யாராச்சும் அதைப் பாத்துச் சிரிச்சிருந்தா கூட நல்லா இருந்திருக்கும். பாக்க ஆளில்ல. அவ ஒண்ணைக் கண்டுபுடிச்சா, "பாருங்க, எப்புடிப் போட்டுட்டா"ன்னு காட்டறதுக்கும் ஆளில்ல. புழு இலையத் திங்கற சத்தம் மட்டும் கேட்டுக்கிட்டே இருக்கும், தகரக் கூரைல தூறல் விழற மாதிரி.

பக்கத்துத் தோட்டத்துல ஒரு பொண்ணு. இவ வயசுதான், எங்களுக்குப் பங்காளி முறை, என்னைப் பெரிம்மாம்பா. ஊர்ல இருக்கற கவர்மெண்ட் ஸ்கூல்ல நாலாவது. புழு இல்லாத நாள்ல எப்பயாச்சும் வந்து இவகூட வெளயாடுவா. மாரியம்மன் பண்டிகை அன்னைக்குப் புதுப் பாவாடை கட்டி, மூஞ்சி நெறைய பவுடரு, தலை நெறைய மல்லி, செண்டு வேற அடிச்சுக்கிட்டு, அதைக் காட்டறதுக்கு நேரா கொட்டகைக்குள்ளயே ஓடி வந்துட்டா. புழு அப்பத்தான் தோலுரிச்சு எழுந்து எலைக்குக் காத்துக்கிட்டு இருக்கு. எனக்குத் தலைக்கு மேல ஏறிடுச்சு. "கண்ணு தெரியுதா இல்லையாடி உனக்கு, கோட்டைத் தாண்டி எப்புடி வந்த, போ வெளிய"ன்னு கத்துனேன். அந்தப் புள்ள மூஞ்சி பவுடருக்கு உள்ளேயே கருத்துப் போச்சு. திரும்பி ஓடிட்டா. என் பொண்ணு கையில இருந்த தண்டை அப்படியே கீழ போட்டுட்டு நின்னா. புழுவுக்கு ஒண்ணும் ஆகல.

அதுக்கப்புறம் அந்தப் பொண்ணு வரல. அந்த நாள்லதான் என் பொண்ணுக்குக் கணக்கும் நின்னு போச்சு. அஞ்செட்டு நாப்பது போச்சு. கட்டும் உதிரியும் போச்சு. சிவப்புப் பேனாவைக் கையில குடுத்தா எந்தப் பக்கம் எழுதறதுன்னு கேக்கறா. கிளிப்புள்ளைக்குச் சொல்ற மாதிரி திரும்பத் திரும்பச் சொல்றேன், மூஞ்சிய தூக்கி வச்சுக்கிட்டு ஜன்னலைப் பாக்கறா. டாக்டரம்மா சொன்னாங்களே, இந்தக் கொறையில வர்றதும் போறதுமா இருக்கும்னு, அதுதான் இதுன்னு நானே தீர்மானம் பண்ணிக்கிட்டேன். குரூப்பில கூட எழுதிப் போட்டேன். மறுபடியும் கட்டை விரல். மாசி முடிஞ்சு பங்குனி பொறந்துடுச்சு. எனக்கு ஹாஸ்டல் கட்டிடமே கண்ணு முன்னால நிக்குது, அதுக்குப் போட வேண்டிய பெட்டி, பூட்டு, தட்டு, டம்ளர் எல்லாம் நிக்குது.

கூடு எடுத்து மார்க்கெட்டுக்கு அனுப்பிட்டு, நான் வாசல் கூட்டிக்கிட்டு இருந்தப்ப ஒரு சாயங்காலம் அந்தப் பொண்ணு ஸ்கூல் பையோட கேட் பக்கத்துல நின்னா. கோடு அழிஞ்சு போயிருந்துச்சு. இருந்தாலும் அவ, கோடு இருக்கற எடத்துக்கு அந்தப் பக்கமே நின்னுக்கிட்டு, "பெரிம்மா, இங்க நின்னுக்கிட்டுப் பேசலாங்களா"ன்னு கேட்டா. பவுடரும் இல்ல, பூவும் இல்ல. மூஞ்சியக் கழுவிட்டு வந்திருக்கா. தொடப்பத்தைக் கீழ போட்டேன். "பேசு சாமி, உள்ளயே வா"ன்னேன். வரல. என் பொண்ணு உள்ள இருந்து ஓடி வந்து, கோட்டுக்கு இந்தப் பக்கம் மண்ணுலயே ஒக்காந்துக்கிட்டா.

அடுத்த புழு வந்து கோடு போட்டதுக்கு அப்புறமும் அதே ஏற்பாடு. ஸ்கூல் விட்டதும் அந்தப் பொண்ணு கேட்டுக்கு அந்தப் பக்கம், இவ இந்தப் பக்கம். நடுவுல கோடு. அவ வூட்டுப்பாடத்தை எடுத்து வச்சுக்கிட்டுச் சத்தமா படிப்பா. அந்தப் புள்ளைக்குப் படிக்க நல்லா வரும், கணக்குதான் வராது. இவளுக்குப் படிக்கத்தான் வராது. "ஒரு தோப்பில் பன்னிரண்டு வரிசை, வரிசைக்குப் பதினைந்து மரம்"னு அவ படிப்பா. இவ மண்ணுல குச்சிய வச்சுக்கிட்டு, "பத்து வரிசைக்கு எவ்ளோன்னு மொதல்ல பாருடி. அப்புறம் ரெண்டு வரிசை மிச்சம்"பா. நான் கொட்டகைக்குள்ள இலை போட்டுக்கிட்டே காதைத் தீட்டி வச்சுக்கிட்டு நிப்பேன். நூத்தி எம்பதுன்னு இவ சொன்ன அன்னைக்கு எனக்கு அப்படியே ஓடிப்போயி ரெண்டையும் கட்டிக்கணும் போல இருந்துச்சு. போகல. நான் போனா அந்தச் சிரிப்பு நின்னுரும்னு தெரியும். கொஞ்சம் பொறாமையும்தான். அவகிட்ட சிரிக்கற சிரிப்பு எங்கிட்ட அவ சிரிச்சதில்ல. ஆனாலும் கணக்கு வந்துடுச்சே, ஹாஸ்டல் தப்பிச்சுதே, எம் புள்ள எங்கூடவே இருக்கும்லன்னு அந்தச் சந்தோசத்துல பொறாமைய முழுங்கிட்டேன்.

அந்தப் பொண்ணு பேச்சு கணக்கோட நிக்காது. ஸ்கூல்ல நடந்தது எல்லாம் வந்து கொட்டுவா. யாரு யாரோட டூ விட்டா, சத்துணவுல எந்த நாளு முட்டை, பிரேயர்ல யாரு மயங்கி விழுந்தா, விளையாட்டு விழாவுல கோ-கோல தோத்தது. இவ வாயைப் பொளந்துக்கிட்டுக் கேப்பா. அந்தப் பைய மடியில வாங்கி வச்சுக்கிட்டு ஜிப்பைத் தொறக்கறதும் மூடறதுமா இருப்பா. பொழுதுக்கும் புழுவையும் என்னையும் பாத்துக்கிட்டு இருக்கற புள்ளைக்கு ஒரு பொழுதுபோக்குன்னு விட்டுட்டேன்.

மே மாசம், மாங்காய் வண்டிங்க ரோட்டுல போயிக்கிட்டு இருக்கற நேரம். அவரு ஞாயித்துக்கெழமை காலையில வந்தாரு. குளிச்சு, சாப்புட்டு, சட்டையக் கூடப் போடாம ஒரு சேரை இழுத்துப் போட்டு ஒக்காந்து, "எங்க, வா கண்ணு"ன்னாரு. அடுப்படிக்கும் வாசப்படிக்கும் நடுவுல நின்னுக்கிட்டேன். சொல்லிக் குடுத்துருவன்னு அவரு என்னை ஒரு பார்வை பாத்தாரு. வாய மூடிக்கிட்டேன்.

"ஏழெட்டு எவ்வளவு?"

சுவத்துக்கு அந்தப் பக்கம் கேட்ட அதே மாதிரி சத்தமில்லாம இருந்துச்சு. அவரு மூஞ்சி சுருங்குது. நான் சாமி எல்லாத்தையும் கூப்புட்டுக்கிட்டு இருக்கேன். அவ ஒரு கைய முதுகுக்குப் பின்னால கொண்டுபோயி விரலை மடக்கறா, எனக்கு மட்டும் தெரியுது. "அம்பத்தாறு"ன்னா.

"இவ்ளோ நேரமா?"

"நேரமாகும்ப்பா எனக்கு. ஆனா வரும்"னு அவ சொன்னா. அந்தப் பதில நான் சொல்லிக் குடுக்கல.

அவருக்கு அது புடிச்சுதோ என்னமோ, கொஞ்சம் நிமிந்து ஒக்காந்தாரு. கம்பெனில இருந்தே ஒண்ணு எடுத்து விட்டாரு. "ஒரு டப்பால இருபத்தி நாலு போல்ட்டு. பதினஞ்சு டப்பா வந்துருக்கு. எத்தன போல்ட்டு?" அவ கண்ண மூடிக்கிட்டா. "பத்து டப்பாக்கு எரநூத்தி நாப்பது. அஞ்சு டப்பான்னா அதுல பாதி. நூத்தி இருவது." கொஞ்ச நேரம் உதடு மட்டும் அசையுது. "முந்நூத்தி அறுவது." அவரு பாக்கெட்டைத் தடவுனாரு, சட்டை இல்லைன்னு அப்பத்தான் ஞாபகம் வந்து, உள்ள போயி போனை எடுத்துட்டு வந்து தட்டிப் பாத்தாரு. நான் இருந்த இருப்புலயும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. பத்து வருஷமா போல்ட்டு எண்ணற மனுசன்.

போனைக் கீழ வச்சாரு. அவ தலையில கைய வச்சாரு. அப்புறம் என்னைப் பாத்து, "நீ சொன்னது சரிதான். ஹாஸ்டலும் வேணாம் ஒண்ணும் வேணாம், உங்கிட்டயே படிக்கட்டும். நான் எங்கக்காகிட்டச் சொல்லிக்கறேன்"ன்னாரு. அந்த வூட்டுல கல்யாணமாகி வந்ததுல இருந்து அவ்ளோ சந்தோசம் எனக்கு வந்ததில்ல. முந்தானையால மூஞ்சியத் தொடச்சுக்கிட்டுத் திரும்பிப் பாத்தா, என் பொண்ணு முகத்துல ஒண்ணுமே இல்ல. பாஸான புள்ள மாதிரி இல்ல. நேரா கொட்டகைக்குப் போயிட்டா.

மத்தியானம் இலை போடற நேரத்துக்கு நானும் போனேன். ரேக்குக்கு அந்தப் பக்கம் அவ, இந்தப் பக்கம் நான். தண்டை எடுத்து எடுத்து வைக்கறா, மூஞ்சியத் தூக்கல. "ஏன்டி, அப்பாவே ஒத்துக்கிட்டாரு, உனக்குச் சந்தோசம் இல்லையா"ன்னு கேட்டேன். அவ அடுத்த தண்டை எடுத்து வச்சா. எனக்குச் சுருக்குன்னு வந்துச்சு. "இத்தனை நாளு உனக்காக நான் பட்ட பாடு தெரியுமா உனக்கு"ன்னு ஆரம்பிச்சேன்.

"கணக்கு வந்ததும் ஸ்கூலுக்கு அனுப்பறேன்னு சொன்னியேம்மா"ன்னா.

எப்பன்னேன். நெஜமாவே எனக்கு ஞாபகம் இல்ல.

"அன்னைக்கு என்னை வகுப்புல இருந்து கூட்டிட்டு வந்தியே, பஸ்ஸுல. நான் அழுதேன்ல. 'கணக்கு மட்டும் வந்துடட்டும் கண்ணு, அப்புறம் உன்னை ஸ்கூலுக்கு அனுப்பறேன்'னு சொன்ன."

சொல்லியிருப்பேன். அழற புள்ளைய சமாதானம் பண்றதுக்கு என்னென்னமோ சொல்றோம். நான் அந்த வார்த்தைய அந்த பஸ்ஸுலயே விட்டுட்டு எறங்கிட்டேன். அவ எடுத்துக்கிட்டு வந்திருக்கா. ஒவ்வொரு குச்சிக் கட்டுக்கும், ஒவ்வொரு சிவப்புப் பேனாவுக்கும் அவ ஒக்காந்தது அதுக்குத்தான். அவ எங்கூட இருக்கறதுக்காக நான் கணக்குச் சொல்லிக் குடுத்தேன். எங்கிட்ட இருந்து போறதுக்காக அவ கத்துக்கிட்டா.

"அந்தப் புள்ள போற ஸ்கூலா?"ன்னு கேட்டேன். தலைய ஆட்டினா.

"அங்கயும் எழுப்பி நிக்க வச்சாங்கன்னா?"

"நேரமாகும் எனக்குன்னு சொல்லுவேன்."

கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் இலையப் போட்டோம். எனக்கு ஒண்ணு மட்டும் ஆறல. "இவ்ளோ ஆசைய வச்சுக்கிட்டு இத்தன மாசமா ஏன்டி வாயத் தொறந்து கேக்கல? உனக்குத்தான் எப்பவோ வந்துடுச்சே, கேட் பக்கத்துல ஒக்காந்து அந்தப் புள்ளைக்கே சொல்லிக் குடுத்தியே"ன்னேன்.

அவ கையில இருந்த தண்டைப் பாத்துக்கிட்டே சொன்னா. "நான் போயிட்டா நீ யார்கூடம்மா இருப்ப?"

எனக்கு அழுகை வரல, கோவம்தான் வந்துச்சு. எனக்கென்னடி கேடு, எனக்கு ஆயிரம் வேலை கெடக்குது, நான் யார் தயவுலயும் இல்லைன்னு படபடன்னு பேசிக்கிட்டே போனேன். அவ கேட்டுக்கிட்டே இருந்தா. நம்பல. பத்து வயசுப் புள்ள, என்னைத் தனியா விட்டுட்டுப் போகக் கூடாதுன்னு அவ்ளோ பெரிய ஆசைய உள்ளயே வச்சுக்கிட்டு இருந்திருக்கா. அவளை நான் காப்பாத்திக்கிட்டு இருக்கேன்னு நெனச்சேன். அவ என்னைப் பாத்துக்கிட்டு இருந்திருக்கா.

ஜூன் மாசம் ஸ்கூல் தொறந்த அன்னைக்கு நானே கூட்டிட்டுப் போனேன். அஞ்சாவது டீச்சர் சின்ன வயசுப் பொண்ணுதான். டிஸ்லெக்சியான்னா என்னன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. நான் ஒரு மூச்சுல சொன்னேன், நிக்க வச்சு வாய்ப்பாடு கேக்காதீங்க, கேள்விய படிச்சுச் சொல்லுங்க, விரல் எண்ணினா விட்டுடுங்க, நேரம் குடுங்கன்னு. "சரிங்க மேடம், பாத்துக்கறேன்"னாங்க. மேடம்னு என்னை யாராச்சும் கூப்புட்டு எவ்ளோ நாளாச்சு.

பக்கத்துத் தோட்டத்துப் பொண்ணு வராண்டாவுல எடம் புடிச்சு வச்சுக்கிட்டு நின்னா. இவ புதுப் பைய மாட்டிக்கிட்டு அவளைப் பாத்து ஓடுனா. திரும்பிப் பாத்தா அவளால உள்ள போக முடியாதுன்னு எனக்குத் தெரியும். திரும்பிப் பாக்காம போயிடணும் சாமின்னு மனசுக்குள்ள வேண்டிக்கிட்டே நின்னேன். அவ திரும்பிப் பாக்கல. நான் ஸ்கூல் கேட்டைப் புடிச்சுக்கிட்டு, போறவங்க வர்றவங்க எல்லாம் பாக்க, அங்கயே நின்னு அழுதேன்.